இருநூற்று முப்பது மில்லி

பிப்ரவரி 3
சிறுநீரகப் பிரிவு, ஏழாம் எண் கட்டில்

எட்டுத் திக்கும் புகழ் மணக்கும் ஆராய்ச்சி அரசியும், என் அக்காள் பெற்ற அருந்தவப் புதல்வியும், சிறு வயதில் என் மூக்குக் கண்ணாடியை மூன்று முறை உடைத்தவளுமாகிய சுண்டெலிக்கு,

உன் மாமா எழுதிக்கொண்டது. இங்கு நலம் இல்லை. அங்கு உன் நலத்துக்குக் குறைச்சல் இருக்காது என்று நம்புகிறேன்.

பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் முதலில் எழுத நினைத்தேன். அப்படி எழுதினால் நீ இரட்டிப்பாகப் பயப்படுவாய். ஆகையால் கொஞ்சமாகப் பயந்துகொள்.

நடந்தது இதுதான். முழங்கால் வலிக்கு நானே மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கி வந்தேன். ஒன்றுக்கு மசியவில்லை, இரண்டு போட்டேன். இரண்டுக்கும் மசியவில்லை, மூன்று. வைத்தியனே நான், நோயாளியும் நான், சண்டை போட ஆள் இல்லை. நடுவே நான்கு நாள் வயிற்றுப்போக்கு. அந்த நான்கு நாளில் நான் கழிப்பறைக்கு ஓடிய தூரத்தைக் கூட்டினால் பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மிச்ச தூரத்துக்கு நிலாவில் போய் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கலாம். ஐந்தாம் நாள் ஓட்டம் நின்றது. கூடவே சிறுநீரும் நின்றது. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு சொட்டு இல்லை. எதிர்வீட்டுத் தையல்காரர்தான் என் முகம் பூரித்திருப்பதைப் பார்த்து, "என்ன சார், ஒரே வாரத்துல இப்படிக் கொழுத்துட்டீங்க?" என்று கேட்டு, கையோடு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தார்.

இங்கே ஒரு சின்ன டாக்டர். மீசை இப்போதுதான் முளைத்திருக்கிறது. அதையும் யாரிடமோ இரவல் வாங்கிய மாதிரி இருக்கிறது. என் காது நிலவரம் தெரியாமல் அவர் மெல்லப் பேச, நான் "ஆங்? ஆங்?" என்க, கடைசியில் மனிதர் வார்டே அதிரக் கத்தினார்.

"சார், ரெண்டு கிட்னியும் திடீர்னு வேலையை நிறுத்திருச்சு!"

"அறுபத்தெட்டு வருஷம் லீவு போடாம உழைச்சுதே தம்பி. ரெண்டு நாள் போராட்டம் பண்ணட்டும், பேசிப் பார்ப்போம்" என்றேன்.

தலைமை நர்ஸ் சிரிக்கவில்லை. அவருக்கு நான் தளபதி என்று பெயர் வைத்திருக்கிறேன். அவர் பார்த்தால் கட்டில்கள் தாமாகவே வரிசையில் நிற்கும். எனக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் என்று உத்தரவு போட்டு, ஒரு பாட்டிலில் கோடு கிழித்துக் கொடுத்திருக்கிறார்.

இனிதான் முக்கிய செய்தி. சின்ன டாக்டர் ஒரு தாளை நீட்டி, இது ஓர் ஆய்வு, சேர விருப்பமா என்று கேட்டார். விருப்பம் இருக்கட்டும், யார் வீட்டு ஆய்வு என்று அடியில் பார்த்தேன். ஆய்வுத் தலைவர் என்று போட்டு உன் பெயர்! "இது எங்க சுண்டெலி!" என்று நான் போட்ட சத்தத்தில், பக்கத்துக் கட்டில் லாரி ஓட்டுநர் எலி வந்துவிட்டது என்று இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டார். கையெழுத்துப் போட்டுவிட்டேன். படித்துப் பார்க்கவில்லை. நீ எழுதியதில் தப்பு இருக்குமா என்ன?

இந்தப் பிரிவில் போன் கூடாது. கூடுமென்றாலும் பயனில்லை, போனில் நீ பேசுவது எனக்குத் தகரத்தின் மேல் கொசு நடக்கிற மாதிரிதான் கேட்கும். தையல்காரர் தினமும் வருகிறார், கூரியரில் போடுவார். இன்று போட்டால் நாளை உன் கையில்.

இப்படிக்கு,
இரு சிறுநீரகங்களின் மேலாளரும், எடை அளவு ஆய்வாளருமாக (இரண்டிலிருந்தும் ஓய்வு) இருந்த
உன் மாமா

◆

பிப்ரவரி 5

அன்புள்ள மாமாவுக்கு,

மூன்று மாத்திரை. மூன்று! கடைக்காரன் தராசில் ஒரு கிராம் குறைந்தால் அபராதம் போட்ட மனுஷன், தன் வாய்க்குள் போகிறதை எண்ண மாட்டாரா? பக்கத்தில் இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். தூரத்தில் இருக்கிறேன், அதனால் தாளில் திட்டுகிறேன், சத்தமாகப் படித்துக்கொள்ளுங்கள்.

படிக்காமல் கையெழுத்துப் போட்டதற்குத் தனியாக ஒரு திட்டு. அதில் இருப்பதை நானே சொல்கிறேன். உங்களுக்கு ஒரு ஊசி போடுவார்கள். சிறுநீரை இறக்குகிற மருந்து. பழைய மருந்துதான், பயம் வேண்டாம். போட்டபின் இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு சிறுநீர் வருகிறது என்று அளப்பார்கள். இருநூறு மில்லிக்கு மேல் வந்தால், உள்ளே வழி திறந்திருக்கிறது, சிறுநீரகம் தானே எழுந்துகொள்ளும் என்று அர்த்தம். குறைந்தால், அதற்கு ரத்தம் சுத்தம் செய்யும் மெஷினின் துணை வேண்டும், தள்ளிப்போடாமல் ஏற்பாடு செய்ய வேண்டும். இந்த அளவை நம்பலாமா என்பதுதான் என் ஆய்வு. எட்டு மருத்துவமனைகளில், நூற்றிருபது பேரிடம் பார்க்கிறோம்.

மாமா, இது பரீட்சை இல்லை. இதில் பாஸும் கிடையாது, ஃபெயிலும் கிடையாது. எந்த எண் வந்தாலும் அது எனக்கு உதவும். உங்களை எனக்குத் தெரியும் என்பதால் சொல்கிறேன்.

இதை ஏன் ஆரம்பித்தேன் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவின் கட்டில் பக்கத்தில் நீங்கள்தான் இருந்தீர்கள். மெஷின் போடலாமா என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் "பார்க்கலாம்" என்றார்கள். பார்த்துக்கொண்டே நான்கு நாள் போனது. ஐந்தாம் நாள் பார்க்க ஒன்றுமில்லை. நான் வந்து சேர்ந்தபோது நீங்கள் வாசலிலேயே நின்றீர்கள். நீங்கள் வாயே திறக்காமல் இருந்த ஒரே நாள் அது.

பதினான்காம் தேதி ஆய்வுக் குழு இங்கே கூடுகிறது. ஆய்வைத் தொடரலாமா, நிறுத்துவதா என்று அன்று முடிவு. நான் இருந்தாக வேண்டும். ஆனால் உங்கள் அளவு இருநூறுக்குக் கீழே வந்தால் எந்தக் குழுவும் எனக்கு வேண்டாம். அன்றைக்கே கிளம்பி வந்துவிடுவேன்.

நீங்கள் என் மாமா என்று குழுவிடம் சொல்லிவிட்டேன். உங்கள் தாளை வேறொருவர் பார்ப்பார். நான் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. ஆகையால் நீங்களே எழுதுங்கள். உள்ளதை உள்ளபடி.

உங்கள்
சுண்டெலி

◆

பிப்ரவரி 7

மாட்சிமை தங்கிய மருமகளுக்கு,

வெற்றி! முரசு அறைக!

இன்று காலை பத்து மணிக்கு ஊசி. பன்னிரண்டு மணிக்குத் தீர்ப்பு. நடுவிலிருந்த இரண்டு மணி நேரம் உலக வரலாற்றிலேயே நீளமானது. மலைகள் அந்த நேரத்தில் ஒரு அங்குலம் வளர்ந்திருக்கும். சின்ன டாக்டருக்கு மீசை முழுசாக வந்துவிட்டது.

பக்கத்துக் கட்டில் ஓட்டுநருக்கு நேற்றே ஊசி போட்டார்கள். அவர் நானூற்று ஐம்பது. மனிதர் என்னவோ அணையைத் திறந்துவிட்ட பொறியாளர் மாதிரி மல்லாந்து படுத்துக்கொண்டு, "அண்ணே, பதட்டப்படாதீங்க. பேசாம இருங்க, தானா வரும். நீங்க பேசிட்டே இருந்தா அது எப்படி வரும்?" என்று எனக்கு உபதேசம். நாளை மறுநாள் வீட்டுக்குப் போகிறார்.

எனக்குக் குழாய் போடவில்லை. தானாகப் போகிறவர்களுக்கு அளவுக் குவளைதான். திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். வெளியே தளபதி கடிகாரத்தோடு காவல். "ஆச்சா?" என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குரல். இப்படி வாசலில் நின்று யாராவது அதட்டினால் ஆற்றுக்கே வெட்கம் வந்து நின்றுவிடும்.

பன்னிரண்டு மணிக்குக் குவளையை வெளியே நீட்டினேன். தளபதி அதை ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். கோடு பார்க்கத் தெரிந்தவர். நான் வேலையில் இருந்திருந்தால் அவரை உதவியாளராகச் சேர்த்திருப்பேன். தாளில் எழுதினார்: இருநூற்று முப்பது.

இருநூற்று முப்பது மில்லி, சுண்டெலி! சின்ன டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தண்ணீர்க் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, போனதை ஈடுகட்ட வேண்டுமாம், ட்ரிப்பும் ஏற்றியிருக்கிறார்கள்.

ஆகவே நீ வர வேண்டாம். உன் குழுவின் முன் நிமிர்ந்து உட்கார். உன் கணக்கில் ஒரு நல்ல எண் கூடியிருக்கிறது.

நீளமாக எழுத ஆசைதான். நாக்கு உலர்ந்து அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கைக்கும் கொஞ்சம் அலுப்பு.

இப்படிக்கு,
ஆறுகளின் அதிபதி,
உன் மாமா

◆

பிப்ரவரி 8

அன்புள்ள மாமா,

கடிதம் வந்தபோது அலுவலகத்தில் நான்கு பேர் இருந்தார்கள். பிரித்துப் படித்துவிட்டுக் கை கழுவும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே வந்ததும் எங்கள் கணக்காய்வாளர் அம்மா, "என்னம்மா, யாருக்கு என்ன?" என்றார். "எங்க மாமாவுக்கு எரநூத்தி முப்பது" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சம்பள உயர்வு என்று நினைத்திருப்பார்.

எடுத்து வைத்திருந்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன்.

ஒன்றுதான் இடிக்கிறது. இன்று வார்டுக்குப் போன் செய்தேன். எட்டிப் பார்க்கக் கூடாது என்று எழுதியவள்தான், இருப்புக் கொள்ளவில்லை. உங்கள் ரத்த அளவுகள் இறங்கவில்லை, இன்னும் ஏறுகின்றன என்றார் சின்ன டாக்டர். அவருக்குக் குழப்பம். சிலருக்குச் சிறுநீர் முதலில் வரும், ரத்தம் சுத்தமாக இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அப்படித்தான் இருக்கும்.

கால் வீங்கியிருக்கிறதா? படுத்தால் மூச்சு வாங்குகிறதா? கட்டை விரலால் கணுக்காலை அழுத்திப் பாருங்கள், குழி விழுகிறதா என்று. விழுந்தால் எனக்கு எழுதுவதற்கு முன்னால் தளபதியிடம் சொல்லுங்கள்.

தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்க வேண்டாம்.

உங்கள்
சுண்டெலி

◆

பிப்ரவரி 10

என் சுண்டெலிக்கு,

அழுத்திப் பார்த்தேன். குழி விழுகிறது. விரலை எடுத்த பிறகும் அப்படியே இருக்கிறது.

உட்கார்ந்து எழுதுகிறேன். படுத்தால் மூச்சு இல்லை. அதனால் சுருக்கமாக எழுத வேண்டும், எனக்கு வராத காரியம்.

அன்று குவளையில் வந்தது அறுபத்தைந்து மில்லி. அறுபதும் இல்லை, எழுபதும் இல்லை. அளவு விஷயத்தில் என் கண் தப்பாது. மிச்சம் நூற்று அறுபத்தைந்து, எனக்குக் குடிக்கக் கொடுத்த பாட்டிலில் இருந்தது. கோடு பார்த்து ஊற்றினேன். முதலில் இருநூற்றுப் பத்தில் நிறுத்தினேன். ரொம்பச் சரியாக இருந்தால் சந்தேகம் வரும் என்று இன்னும் கொஞ்சம். அந்த மருந்து போட்டால் நிறம் வெளிறித்தான் போகுமாம், யாரும் கேட்கவில்லை. அன்று நான் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. மிச்சமும் அன்றைக்குள் அப்படியே குவளைக்குப் போய், பாட்டில் காலி. குடித்ததாக அதையும் எழுதிக்கொண்டார்கள்.

மறுநாளும் ஊற்ற வேண்டி வந்தது. ஒரு நாள் ஆறாக ஓடியவன் அடுத்த நாள் சொட்டினால் கேட்க மாட்டார்களா? நேற்றும் ஊற்றினேன். காலையில் எடை பார்க்கும்போது சுவரோரக் கம்பியில் இரண்டு விரல் வைத்து லேசாக ஊன்றினால் இரண்டு கிலோ குறையும். இறைச்சிக் கடைக்காரன் ஒருவன் கூட்டுவதற்குச் செய்ததை நான் குறைப்பதற்குச் செய்தேன். அவன் கடைக்கு நான் சீல் வைத்தேன்.

ஏன் என்று கேட்பாய். உன்னை அங்கிருந்து கிளப்பக் கூடாது என்று முதலில் எனக்கே சொல்லிக்கொண்டேன். உன் ஆய்வுக்கு நல்ல எண் ஒன்று தரலாம் என்றும் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. ஓட்டுநர் நானூற்று ஐம்பது என்றபோது எனக்கு ரோஷம் வந்தது. பிறகு, அந்த மெஷின். உன் அம்மாவுக்குக் கடைசியில் அதை உருட்டிக்கொண்டு வந்தார்கள், அவள் போன பிறகு. அந்தச் சக்கரச் சத்தம் என் கேட்காத காதில் மட்டும் கேட்கிறது.

இங்கே சொல்லத் துணிவு வரவில்லை. சின்ன டாக்டர் காலையில் வந்து, "சார், உங்க நம்பர் மட்டும் நல்லா இருக்கு, மத்ததெல்லாம் ஏன் இப்படி இருக்குன்னு எனக்குப் புரியவே மாட்டேங்குது" என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வேன்? உனக்கு எழுதினால் நீ சொல்லிவிடுவாய். நாளை உன் கைக்கு வந்துவிடும். ஒரு நாள்தானே.

திட்டு. சத்தமாகப் படித்துக்கொள்கிறேன்.

மாமா

◆

பிப்ரவரி 13

மாமா,

உங்கள் கடிதம் பதினொன்றாம் தேதி பகல் ஒரு மணிக்கு வந்தது. இரண்டாவது வரியோடு போனை எடுத்தேன். அவர்கள் எடுத்தபோது நீங்கள் ஏற்கனவே நினைவில்லாமல் இருந்தீர்கள். நுரையீரல் முழுக்கத் தண்ணீர். ரத்தத்தில் உப்பு ஏறி இதயம் நின்று, அழுத்தி அழுத்தித் திரும்ப ஓடவைத்திருக்கிறார்கள். சாயங்காலம் மெஷினில் போட்டார்கள். நேற்று கண் திறந்தீர்கள் என்று சொன்னார்கள். இதைப் படிக்க முடிகிறது என்றால் தெளிந்திருக்கிறீர்கள்.

ஒரு நாள்தானே என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கடி தூரத்தில் நர்ஸ் நின்றுகொண்டிருக்க, கூரியரில் எனக்குச் சொல்லி அனுப்பினீர்கள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். எட்டாம் தேதி நான் போன் செய்தபோது சின்ன டாக்டர் என்னிடம் கேட்டார்: "மேடம், எனக்கென்னவோ மெஷின் போட்டுடலாம்னு தோணுது. நீங்க என்ன சொல்றீங்க?" நான் அதற்குப் பதில் சொல்லவே கூடாது. விதி அது. ஆனால் சொன்னேன். இருநூற்று முப்பது வந்தவருக்கு அவசரம் இல்லை, இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்றேன். அந்த வார்த்தையையே சொன்னேன், மாமா. பார்க்கலாம் என்று. அம்மா கட்டில் பக்கத்தில் யார் யாரோ சொன்னதை, உங்கள் கட்டிலுக்கு நான் சொன்னேன். நீங்கள் ஊற்றிய தண்ணீரை நம்பி.

அறுபத்தைந்து என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே ஏற்பாடு நடந்திருக்கும். உங்கள் உடம்பு என் பரிசோதனையில் சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறது. நீங்கள்தான் அதன் வாயைப் பொத்தினீர்கள். நான் வந்திருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

சின்ன வயதில் நீங்கள் அளந்துவிட்ட கதையெல்லாம் எனக்கு உயிர். எது பொய் என்று தெரிந்தே கேட்பேன். எல்லாவற்றையும் கூட்டிச் சொல்கிற மனுஷன், அளவுகோலைக் கையில் எடுத்தால் மட்டும் ஒரு மயிரிழை பிசகமாட்டார் என்று சிநேகிதிகளிடம் பெருமை அடித்திருக்கிறேன். இனி உங்கள் கடிதத்தில் எந்த வரியை நான் நம்புவது?

நாளை குழுவிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன், நான் போனில் சொன்னதையும் சேர்த்து. ஆய்வு முடியும் வரை உங்களோடு எனக்கு எழுத்துத் தொடர்பு கூடாது என்பார்கள். அப்படி அவர்கள் சொல்லாவிட்டாலும், இப்போதைக்கு என்னால் எழுத முடியாது.

தளபதி சொல்கிறபடி கேளுங்கள்.

(கையொப்பம்)

◆

மார்ச் 2

சுண்டெலிக்கு,

உன் கடிதத்தைச் சத்தமாகப் படிக்கவில்லை. வார்டில் மற்றவர்கள் இருக்கிறார்கள்.

மெஷின் வாரத்தில் மூன்று நாள். நான்கு மணி நேரம். அது ஒரு யானை அளவு, ஏழு யானை அளவு என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன், மேலே பார்த்தால் தெரியும். என் இடுப்பு உயரம் இருக்கிறது. சக்கரம் நான்கு. சத்தம் போடவில்லை, எண்ணெய் விட்டிருக்கிறார்கள்.

சின்ன டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர், "பரவால்ல சார்" என்றார். பரவாயில்லை என்கிற முகம் அது இல்லை. அவரை இரண்டு முறை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் நான் செய்தேன் என்று தாளில் எழுதிக் கொடுத்தேன்.

தளபதி என்னோடு பேசுவதில்லை. ஊசி குத்தும்போது மட்டும் "கைய நீட்டுங்க" என்பார். குவளையை இப்போது அவரே கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பாட்டில் அலமாரியில், பூட்டுக்குள். அறுபத்தெட்டு வயதில் ஒருவர் முன்னால் அப்படி நிற்பது பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னாய். போன வாரம்:
ஞாயிறு 70 மில்லி. திங்கள் 55. செவ்வாய் 60. புதன் 60. வியாழன் 40. வெள்ளி 45. சனி 40.

ஒவ்வொன்றின் பக்கத்திலும் தளபதி கையெழுத்து இருக்கிறது. நான்தான் கேட்டு வாங்கினேன்.

மாமா

◆

மார்ச் 30

சுண்டெலிக்கு,

போன வாரம் 30, 30, 25, 20, 25, 20, 20.

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தையல்காரர் என் சட்டைகளையெல்லாம் பிடித்துத் தைத்துக் கொடுத்தார். பன்னிரண்டு கிலோ போய்விட்டது, தண்ணீர் எவ்வளவு, சதை எவ்வளவு என்று தெரியவில்லை. எடை பார்க்கும்போது இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொள்கிறேன். மற்ற நோயாளிகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

பதில் வேண்டாம். வரக் கூடாது என்று தெரியும்.

மாமா

◆

ஜூன் 18
ஆய்வு அலுவலகம்

அன்புள்ள பங்கேற்பாளருக்கு (எண் 118),

சிறுநீரகத் திடீர்ச் செயலிழப்பில் சிறுநீரிறக்கும் மருந்தின் விளைவைக் கணிக்கும் எங்கள் ஆய்வு நிறைவடைந்துள்ளது. இதில் தாங்கள் பங்கேற்றதற்கு நன்றி.

மொத்தம் 120 பேர் சேர்க்கப்பட்டனர். 119 பேரின் அளவுகள் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஒருவரின் அளவு சரிபார்க்க இயலாததால் நீக்கப்பட்டது. இரண்டு மணி நேரச் சிறுநீர் அளவு, மெஷின் சிகிச்சையின் தேவையைப் பெருமளவு சரியாகக் காட்டியது.

இனி அளவெடுக்கும்போது நோயாளியின் குடிநீரை அருகில் வைக்கக் கூடாது என்ற விதி எல்லா மருத்துவமனைகளிலும் சேர்க்கப்பட்டுள்ளது.

தங்கள் உடல்நலம் குறித்த கேள்விகளுக்குத் தங்கள் மருத்துவரை அணுகவும்.

(கையொப்பம்)
ஆய்வுத் தலைவர்

◆

ஜூன் 24

ஆய்வுத் தலைவர் அவர்களுக்கு,

118ஆம் எண் பங்கேற்பாளர் எழுதிக்கொள்வது.

தங்கள் கடிதம் கிடைத்தது. நூற்றுப் பத்தொன்பது பேரை வைத்துக்கொண்டு ஒருவனை நீக்கியது முறைதான். நான் ஆய்வாளராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். உங்கள் அளவு சரி என்று நிரூபணமானதில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எந்த உவமையும் போடாமல் எழுதுகிறேன்: மகிழ்ச்சி.

என் மருத்துவரை அணுகினேன். நான்கு மாதம் ஆகிவிட்டது, இனி அந்த இரண்டும் எழுந்திருக்காது என்று சின்ன டாக்டர் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து, காதருகே குனிந்து, மெதுவாகச் சொன்னார். கேட்டது. போன திங்களோடு அளப்பதையும் நிறுத்திவிட்டார்கள். அளக்க ஒன்றும் இல்லை. கடைசி வாரம் மெஷினுக்கு வந்த மூன்று நாளும் பூஜ்யம், தளபதி கையெழுத்து இருக்கிறது. ஆகையால் இந்தக் கடிதத்தில் உங்களுக்கு அனுப்ப என்னிடம் எண் எதுவும் இல்லை.

இன்று புதன், மெஷின் நாள். லாரி ஓட்டுநர் மறுபரிசோதனைக்கு வந்தவர் என்னைப் பார்க்க வந்தார். "அண்ணே, எனக்கும் லெட்டர் வந்துச்சு. எல்லாருக்கும் ஒரே லெட்டர்தான் போல" என்று சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். எண் 117. வரிக்கு வரி அதே கடிதம். கையெழுத்து மட்டும் அவருடையதில் கறுப்பு, என்னுடையதில் நீலம்.

முப்பத்தைந்து வருஷம் தராசு முத்திரைகளைச் சோதித்துப் பழகிய கை, சும்மா இருக்குமா? ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, அவர் கடிதத்திலுள்ள கையெழுத்தைத் தேய்த்தேன். "என்னண்ணே பண்றீங்க!" என்றார். அசையவில்லை. அச்சு.

பிறகு என்னுடையதில், பெயரின் கடைசி எழுத்தை மட்டும், ஒரே ஒரு தடவை.

மை வந்துவிட்டது, சுண்டெலி. அந்த எழுத்து தாளில் இப்போது இல்லை. தளபதி பஞ்சும் மருந்துமாக வந்து இரண்டு கையையும் காட்டச் சொன்னார். ஊசி இடது கைக்குத்தானே, வலது கையை விட்டுவிடுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். விரலைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இடது கையை மட்டும் துடைத்தார்.

வலது கையால் இதை எழுதுகிறேன். தாளின் ஓரத்தில் நீலமாக இருந்தால் அழுக்கு என்று நினைக்க வேண்டாம்.

உன் மாமா